ஆளைப் பிடித்து வைக்கிற வீடு

கட்டட வேலையில் "நாளைக்கு வாறன்" என்ற சொல்லுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்பதை நான் கம்பஸில் படித்த எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். உம்மா தன் பெயரை எழுதப் பழகியதோடு நிறுத்திக்கொண்டவர். வாப்பாவுக்கு எழுத்தே தெரியாது, எல்லாக் கணக்கும் மனக்கணக்குத்தான். அவருக்கு ஒருபக்கக் கையும் காலும் விழுந்துபோன பிறகு, அவருடைய கொந்தராத்து வேலைகளை நான் நடத்தப்போகிறேன் என்றதும் சாய்ந்தமருதில் சிரித்தவர்கள் பலர். "மணலும் சீமெந்தும் பொம்புளப் புள்ளட பேச்சுக் கேக்குமா?" என்று எங்கள் தெருக் கடையில் ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. மணலும் சீமெந்தும் கேட்டன. கேட்காதவர்கள் ஆட்கள்தான்.

வேலை பிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்த அன்றைக்கே அவளுக்கு எந்த வளவில் அத்திவாரம் போடுவது என்ற பேச்சும் பிறந்துவிடும். கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டில் போய்க் குடியிருப்பான். ஆனால் வீடு கட்டுகிற ஆண்கள் மட்டும் காலங்காலமாக ஆண்களோடுதான் கதைத்தார்கள். குசினி எங்கே வர வேண்டும், கழுவுகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நான் உம்மாமாரிடம் நேரே கேட்டேன். அதனாலேயே வேலைகள் என்னைத் தேடி வந்தன.

ஆட்கள்தான் வரவில்லை. கை தேர்ந்தவர்கள் கட்டாருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் காலையில் போன் எடுத்தால், "வந்துட்டே இரிக்கிறன் மிஸ், மெயின் ரோட்டுல நிக்கிறன்" என்பார்கள். பின்னால் அவர்கள் வீட்டுச் சேவல் கூவும். என்னை 'மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கியது கேலியாகத்தான். நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நம்பக்கூடிய ஆட்கள் என்று எனக்கு இரண்டே பேர். ஒருவர் வாப்பாவின் காலத்து மேசன். எல்லோரும் அவரை மேசன் அண்ணன் என்ற பொருளில் 'பாஸ் காக்கா' என்பார்கள். சம்மாந்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். மழை, காய்ச்சல், கடையடைப்பு எதுவும் அவரை நிறுத்தியதில்லை. நான் ஸ்கூட்டியில் போய்ச் சேரும்போது அவர் மணலைச் சலித்து முடித்திருப்பார். நோன்பு காலத்தில்கூட மற்றவர்கள் மதியம் லுஹர் தொழுகையோடு கழன்றுவிட, அவர் பின்னேரத்து அஸர் வரை நிற்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் கால் கழுவும்போது, அவர் மட்டும் கட்டி நிற்கிற வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று கூப்பிடுவார்: "ஆரும் உள்ளுக்கு இரிக்கிறீங்களா?"

"கூரையே இல்லாத ஊட்டுல ஆரு காக்கா இரிக்கப்போறா? பூனையா?" என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள்.

"பூனைக்கும் உசிரு இரிக்கிதானே," என்பார். பிறகுதான் சேர்ட்டை மாற்றுவார்.

காலையில் நான் வீட்டை விட்டு இறங்கும்போது வாப்பா கதிரையில் இருந்தபடி கேட்பது ஒன்றே ஒன்று. மணல் வந்ததா, வீட்டுக்காரர் திருப்தியா என்றெல்லாம் கேட்க மாட்டார். வாய் ஒருபக்கம் கோணியிருந்ததால் சொற்கள் நனைந்து வரும். "அவரு வந்துட்டாரா?" என்பார். நான் போன் எடுத்துப் பார்த்து, "ஓம் வாப்பா, வந்துட்டாராம்," என்ற பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுவார். தொழில் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன்.

உம்மாவுக்கு வேறொரு கவலை. "காலு நல்லா இரிந்த நேரத்துல ஒரு உம்றாவுக்குப் போங்க எண்டு எத்தின தரம் செல்லிருப்பன். இந்த மனிசன் அசையல்ல," என்று புலம்புவார். மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவர்கள் எங்கள் ஊரில் புறப்படும் முன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பயணம். வாப்பா ஒவ்வொரு வருஷமும் ஒரு சாட்டுச் சொன்னார். ஒரு வருஷம் கொங்கிறீட், ஒரு வருஷம் முதுகுவலி.

மற்ற ஆள் டைல்ஸ் பதிக்கிற பொடியன். பொடியன் என்றாலும் என் வயது இருக்கும். பொத்துவில் பக்கத்தான். இங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தான். அவன் பதித்த நிலத்தில் கோலிக்குண்டை வைத்தால் அது நகராது. அவன் வந்த பிறகு என் வேலைகளின் பெயரே மாறியது. கல்முனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் அவன் கைவேலையைக் கேட்டு வந்தார்கள். ஒருநாள் வேலைத்தளத்தில் அவன் போனில் விசாவைப் பற்றிக் கதைப்பது கேட்டது.

"கட்டாருக்குப் போறியாமே?" என்றேன்.

"மச்சான் ஒருத்தன் எடுக்கிறன் எண்டு செல்றான் மிஸ்."

"அங்க போய் என்ன செய்யப்போறாய்?"

"இதேதான். ஆனா அங்க நிலம் மட்டமா இரிக்குமாம். இஞ்ச உங்கட மேசன்மாரு போடுற பள்ளத்த நிரப்பியே எண்ட வயசு போகுது."

பலகையில் நின்று பூசிக்கொண்டிருந்த பாஸ் காக்கா திரும்பாமலே சொன்னார்: "டேய், பள்ளம் இல்லாட்டி ஒனக்கு எங்கடா வேல?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் போனால், ஒப்புக்கொண்ட வேலைகளில் பாதியை நான் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ஊர் சிரித்தது சரியாகிப்போகும்.

அன்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டே மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "இஞ்ச ஒரு கலியாணத்த முடிச்சி வைங்க. பொஞ்சாதிட ஊட்டுல சாறனத் தொங்கப் போட்டவன் மறுகா எங்க போற? உங்கட வாப்பாவும் அப்பிடித்தானே..." அதற்கு மேல் சொல்லாமல், அடுப்பைப் பார்க்க எழுந்து போனார்.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. பெண்ணும் உடனே நினைவுக்கு வந்தாள். கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் வளவு உள்ள பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழே படித்தவள், இப்போது பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வாப்பா இல்லை. உம்மா இடியப்பம் அவித்து விற்று வளர்த்தவர். வளவு இருந்தது, அதில் வீடு இல்லை. சுனாமியில் கடல் வந்தபோது போன வீட்டின் அத்திவாரம் மட்டும் மணலுக்குள் தலையைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கடலோரத்தில் கட்டக்கூடாது என்று அப்போது ஒரு எல்லை போட்டார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்து தெரு மறுபடி நிரம்பிவிட்டது. இவர்கள் மட்டும் மாமி வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு இல்லாததால் வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று.

என் திட்டம் நேரானது. மிஞ்சிய கல், மிஞ்சிய கம்பி, மிஞ்சிய டைல்ஸ். ஆட்கள் வெள்ளிக்கிழமைக் காலைகளை ஜும்ஆத் தொழுகை வரைக்கும் இனாமாகத் தருவார்கள். சின்னதாக ஒரு வீடு எழும்பும். பிள்ளைக்கு மாப்பிள்ளை, பொடியனுக்கு வீடு, எனக்கு ஆள். யாருக்கும் நட்டம் இல்லாத ஒரு காரியத்தை நான் ஒருத்தியாக யோசித்து எடுத்தேன் என்று பெருமையாக இருந்தது. இரண்டு வீட்டாரும் பேசினார்கள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, "கட்டார் கெடக்கட்டும் மிஸ்," என்றான். பாலர் பாடசாலை விடுமுறையில் காவின், கலியாண எழுத்து என்று நாளும் குறித்தார்கள்.

பாஸ் காக்காவிடம் வியாழக்கிழமை சொன்னேன். "நாளைக்குக் காலையில அத்திவாரத்துக்குக் கயிறு போடணும் காக்கா. நீங்கதான் முதல் முளைய அடிக்கணும்." தெருவின் பெயரையும் சொன்னேன்.

கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஓம் மகள்," என்றார். அன்று பின்னேரம் அவர் அறைகளைச் சுற்றிக் கூப்பிட வழமையைவிட அதிக நேரம் எடுத்தது. பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

எல்லோரும் அந்த வளவில் கயிற்றோடும் முளைகளோடும் நின்றோம். கடல் தென்னைகளுக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது. அவருடைய போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆட்கள் பகிடிகூடப் பண்ணவில்லை. "பாஸ் காக்கா வரல்லியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மையித்துச் செய்தியை, சாவுச் செய்தியைக் கேட்கிற குரல் அது. அவர் இல்லாமல் யாரும் முளையில் கை வைக்கவில்லை. ஜும்ஆவுக்கு முன்னரே கலைந்து போனோம்.

வீட்டுக்குப் போனதும் வாப்பா அதே கேள்வியைக் கேட்டார். "வரல்ல வாப்பா," என்றேன்.

"எங்க... வேல?"

தெருவைச் சொன்னேன். வீட்டை, கலியாணத்தை, என் திட்டத்தை எல்லாம் சொன்னேன். அவர் மெச்சுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். வாப்பாவின் நல்ல கை கதிரைப் பிடியை இறுக்கியது. கோணிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் அழுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நான்... தான்... அங்க... குடிவெச்ச," என்றார். அதற்கு மேல் சொல்ல ஏலவில்லை. மிச்சத்தை உம்மா சொன்னார், குசினி வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல்.

பாஸ் காக்கா மனைவியையும் பிள்ளையையும் கடலில் இழந்தவர் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாரை இழந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள். எனக்குத் தெரியாதது, அவர் எப்படி அந்தத் தெருவுக்கு வந்தார் என்பது. சம்மாந்துறை வயற்காட்டுப் பொடியன், கடலைப் பற்றி ஒன்றும் அறியாதவன், கை சுத்தமான மேசன். கொழும்புக்குப் போகவிருந்தவனைத் தன்னோடு நிறுத்திவைக்க வாப்பாதான் பெண் பார்த்தார். பெண்ணுக்கு வளவு கடற்கரையில். வாப்பாதான் மிஞ்சிய சாமான்களைப் போட்டு, ஆட்களின் வெள்ளிக்கிழமைகளை வாங்கி, வீடு எழுப்பிக் கொடுத்தார். கடல் வந்த காலையில் அந்த மனிதர் ஊருக்குள்ளே வாப்பாவோடு வேலையில் நின்றார். பிள்ளை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்ததாம்.

"அவளக் கெடச்சிச்சி," என்றார் உம்மா. "புள்ள கெடைக்கல்ல. இடிஞ்ச ஊடு ஊடா நுழஞ்சி கூப்பிட்டுத் திரிஞ்சாரு. மறுகா ஒரு நாள் காலையில வேலக்கி வந்து நிண்டாரு. வாப்பாவும் ஒண்டும் கேக்கல்ல. அவரும் ஒண்டும் செல்லல்ல. இத்தின வருஷமும் அப்பிடியேதான்."

அடுத்த நாள் சம்மாந்துறைக்குப் போனேன். அவர் தங்கச்சி வீட்டில் இருந்தார். மனைவி இல்லாத ஆணுக்கு எங்கள் பக்கத்தில் சொந்த வீடு என்று ஒன்று இருக்காது. ஊரெல்லாம் வீடு கட்டிய மனிதர் தங்கச்சியின் விறாந்தையில் படுத்தெழும்பினார். நான் போனபோது ரோட்டோரத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மகள். வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க," என்றார். வெட்கமோ கோபமோ இல்லை.

"நேத்துப் பாத்துட்டு இரிந்தம் காக்கா."

"ஓம். வரல்ல."

"வாப்பா செல்லிட்டாரு. அங்க உங்களக் குடிவெச்சது தான்தான் எண்டு."

அவருடைய கால் நெல்லுக்குள் நின்றது. "மாப்புக் கேக்கச் சென்னாரா?"

"இல்ல."

"நல்லம்," என்றார். மூச்சை விட்டார். பிறகு மறுபடி கிளறத் தொடங்கினார். சொல்ல வேண்டியதை நெல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் ஒரு நாளாவது வேலக்கி வராம இரிந்திரிக்கனா? ஏன் தெரியுமா மகள்? வராம இரிந்தா உங்கட வாப்பா என்னத் தேடி வருவாரு. வந்தா கேப்பாரு. கேட்டா குடுக்கணும், நம்மட மார்க்கம் அப்பிடி. வாயால குடுத்திரலாம். நெஞ்சி குடுக்குதில்ல. பொய்யா ஒரு மாப்பக் குடுத்து அந்த மனிசன மக்காவுக்கு அனுப்ப எனக்கு ஏலா. அதான் வந்துட்டே இரிந்தன். வேல நடந்தா கதைக்கத் தேவல்லதானே."

நெல்லுக்கு வந்த கோழியை நான் விரட்டினேன்.

"அவருல கோவம் இல்ல. அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு," என்றார். அடுத்த வரிசை நெல்லைக் கிளறிவிட்டு, "நீங்களும் நல்லதுக்குத்தான் செய்றீங்க," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்காமல் திரும்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இனி வருவீங்களா காக்கா?"

"தெரியா மகள். நான் வராம இரிக்கவும் ஏலும் எண்டு இப்ப அவருக்குத் தெரிஞ்சி போச்சே."

அவர் திரும்ப வரவில்லை. நானும் மறுபடி கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் நேரே பெண்ணின் உம்மாவிடம் போனேன். ஊருக்குள்ளே வேறு எங்காவது ஒரு துண்டு நிலம் பார்ப்போம், இந்த வளவு வேண்டாம் என்றேன். அவர் இடியப்ப உரலில் இருந்து கையை எடுக்கவில்லை.

"எங்கட ஆளுகள் அங்கதான் பொறந்த, அங்கதான் போன. நாங்க எங்க போற?" என்றார். "கடல் வந்தா எல்லாருக்கும் வரும். ஊடு இல்லாட்டி எண்ட மகளுக்கு மட்டும்தான் ஒண்டும் வராது. நாள் குறிச்ச கலியாணம் புள்ள. நீங்க படிச்சவங்க. எனக்கு எது பெரிய பயம் எண்டு நீங்களே செல்லுங்க."

வேலையை நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் கலியாணம் நிற்கும், அதற்குப் பிறகு அவள் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். கட்டினால், கட்டியவள் நான்.

அந்தக் கிழமை வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட்டி... போ," என்றார். சம்மாந்துறைக்கா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. உம்மா அவருக்கு வெள்ளைச் சாறனை எடுத்து வைத்திருந்தார். தொப்பியும் கதிரைப் பிடியில் தயாராக இருந்தது.

"ஓட்டோக்காரர் இல்ல வாப்பா," என்றேன். ஓட்டோ வாசலில் நின்றது. வாப்பாவுக்கு அது தெரிந்தது. என் கையை விட்டார். பிறகு அவராகவே தொப்பியை எடுத்து உம்மாவிடம் நீட்டினார்.

பெரியநீலாவணையில் இருந்து ஒரு மேசனைப் பிடித்து வந்து கயிறு போட்டேன். பழைய அத்திவாரத்தைத் தொடாமல் இரண்டடி தள்ளி வெட்டச் சொன்னேன். தரையைத் தெருவைவிட நன்றாக உயர்த்தினேன். மூலைக்கு மூலை கொங்கிறீட் தூண், உள்ளே இருந்து மேல் தட்டுக்கு ஏறப் படி. அவ்வளவு சின்ன வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று மேசன் கேட்டார். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட என்றேன்.

டைல்ஸ் பொடியனைத் தனியே கூப்பிட்டு, "இந்த ஊடு ஒன்னக் கட்டிவைக்க இல்ல. ஒனக்குப் போகணும் எண்டா போ," என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. தன் வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று பயந்து, அந்த வீட்டின் நிலத்தை இன்னும் கவனமாகப் பதித்தான். காவின் முடிந்தது. புதுமாப்பிள்ளையாகத் தெருவில் பெருமையாகத் திரிந்தான். பிறகு, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், கட்டாருக்கு ஏறினான். பிறக்கப்போவது மகள் என்றால் அவளுக்கும் ஒரு வீடு வேண்டுமே என்றான். என்னிடம் வந்து ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஒப்புக்கொண்ட வேலைகளில் சிலவற்றை நான் திருப்பிக் கொடுத்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். புது ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். யாருக்கும் பெண் பார்க்கும் பேச்சை நான் எடுப்பதில்லை.

இப்போது வாடைக்காற்றுக் காலம். கடல் தெருவரைக்கும் இரைகிறது. எந்த வேலைத்தளத்துக்குப் புறப்பட்டாலும் ஸ்கூட்டி முதலில் கடற்கரைப் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த வீட்டு வாசலில் நிறுத்தி ஹோர்னை ஒருமுறை அடிப்பேன். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வருவாள். அவள் முகம் தெரிந்த பிறகுதான் என்னால் என் வேலைக்குப் போக முடிகிறது. அவள் முன்னரே பாலர் பாடசாலைக்குப் போய்விட்ட நாட்களில், அங்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

நேற்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் ராத்தா நெடுக வாறீங்க? பூச்சு வெடிச்சிரிக்கா எண்டு பாக்கவா?"

"ஓம்," என்றேன்.

உள்ளே கூட்டிப் போய் ஒவ்வொரு சுவராகக் காட்டினாள். நான் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். எங்கும் ஒரு வெடிப்பும் இல்லை. இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வர ஒரு காரணமாவது இருந்திருக்கும்.